நகையின் வயதை முத்திரை சொல்லுமா?
வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் பாட்டியின் அட்டிகையும் சிவப்புக் கல் தோடும் இப்போது என்னிடம் உள்ளன. சௌகார்பேட்டையில் ஒரு கடையில் காட்டியபோது, ஹால்மார்க் இல்லாததால் உருக்கிப் புதிதாகச் செய்துகொள்வதே நல்லது என்றார்கள். அட்டிகையின் கொக்கியில் ‘கே.டி.எம்.’ என்றும், தோட்டின் பின்தகட்டில் இரண்டு தமிழ் எழுத்துகளும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. இவற்றைக் கொண்டு நகைகளின் காலத்தை அறிய முடியுமா?
– வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: தயவுசெய்து உருக்கக் கொடுத்துவிடாதீர்கள். நம் நாட்டில் இந்தியத் தர நிர்ணய அமைவனம் தங்க நகைகளுக்கு ஹால்மார்க் முத்திரையிடத் தொடங்கியது 2000-ஆம் ஆண்டில்தான். அது கட்டாயமாக்கப்பட்டது 2021 ஜூன் 16 முதல், அதுவும் முதற்கட்டமாக 256 மாவட்டங்களில்தான். ஆகவே உங்கள் பாட்டி காலத்து அட்டிகையில் அந்த முத்திரை இல்லாதிருப்பது இயல்பே. ஒருவேளை இருந்திருந்தால், அது பிற்காலத்தில் சோதித்துப் பொறித்ததா, அல்லது நகையே பிற்காலத்ததா என்று யோசிக்க வேண்டியிருக்கும். முத்திரை என்பது சோதனை நடந்ததைச் சொல்வது. நகை பிறந்த நாளைச் சொல்வதன்று. நம் பழைய நகைகளைப் பொறுத்தவரை இந்த வேறுபாட்டை மறந்துவிடவே கூடாது.

உங்கள் அட்டிகையின் கொக்கியே இதற்கு நல்ல சான்று. முற்காலத்தில் ஆசாரிகள் நகையின் உறுப்புகளைப் பற்றவைக்க, தங்கத்துடன் செம்பும் வெள்ளியும் கலந்த பொடியைப் பயன்படுத்தினார்கள். அதன் மாற்று, அதாவது தங்கத்தின் தூய்மை, நகையின் மாற்றைவிடக் குறைவு என்பதால், பற்றுகள் மிகுந்த பழைய நகையை உருக்கினால் உரைகல்லில் கண்ட மாற்று கிடைக்காது. பின்னர் காட்மியம் என்ற உலோகம் வந்தது. சிறிதளவு சேர்த்தாலே பற்று எளிதில் உருகியதால், பற்றின் மாற்றையும் ஏறக்குறைய 22 காரட் அளவிலேயே வைத்துக்கொள்ள முடிந்தது. அப்படிச் செய்த நகை என்பதற்கு வணிகர்கள் தாமாகவே பொறித்த அடையாளமே கே.டி.எம். அதற்கு அரசு உத்தரவாதம் எதுவும் இருந்ததில்லை. காட்மியத்தின் புகை பட்டறையில் ஊதுகுழலோடு உட்கார்ந்திருந்த தொழிலாளரின் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுத்தது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். அந்த முறை கைவிடப்பட்டதற்கு அதுவே காரணம். பாட்டியின் திருமணத்துக்குச் செய்த அட்டிகை என்றால், இந்தக் கொக்கி பின்னாளில் பழுது பார்த்தபோது மாற்றப்பட்டதாகவே இருக்கும். அது பழுதின் காலத்தைத்தான் காட்டுகிறது, அட்டிகையின் காலத்தை அன்று.

தோட்டிலுள்ள இரண்டு எழுத்துகள் செய்த ஆசாரியின் பெயரையோ விற்ற கடையின் பெயரையோ குறிக்கலாம். இங்கிலாந்தில் இருப்பதுபோல் இத்தகைய எழுத்துகளை ஆண்டுவாரியாகப் பதிவுசெய்த ஏடு நம்மிடம் இல்லை. வீட்டில் பழைய ரசீதோ கணக்கு நோட்டோ இருந்தால் அதனுடன் ஒப்பிடுங்கள். இல்லையெனில் வேலைப்பாட்டைத்தான் கேட்க வேண்டும்.

முதலில் கற்களைப் பாருங்கள். பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸை வைத்து, தோட்டின் சிவப்புக் கல்லை வெளிச்சத்தில் மெல்லச் சாய்த்துப் பார்த்தால், உள்ளே வில்லைப்போல் வளைந்த மெல்லிய கோடுகளோ சிறு காற்றுக் குமிழிகளோ தெரிகின்றனவா என்று கவனியுங்கள். வளைந்த கோடுகள் தெரிந்தால் அது பிரெஞ்சு வேதியியலாளர் வெர்னேய் 1902-இல் அறிவித்த தீச்சுடர் முறையில் ஆக்கப்பட்ட செயற்கைக் கெம்பு. அப்படியானால் தோடு அந்த ஆண்டுக்கு முற்பட்டதாக இருக்க முடியாது, அல்லது கல் மட்டும் பிறகு மாற்றப்பட்டிருக்க வேண்டும். இயற்கைக் கெம்பில் வளர்ச்சிக் கோடுகள் நேராகவோ கோணமாகவோதான் செல்லும். பர்மாக் கல்லாயின் பட்டிழை போன்ற நுண்ணிய ஊசிகளும் தெரியக்கூடும். அடுத்து திருகாணியைக் கழற்றி அதன் மரையைப் பாருங்கள். கையால் வெட்டிய மரை சற்றுப் பருத்து, இடைவெளி ஒழுங்கின்றி இருக்கும். ஒரு காதின் ஆணி மறு காதின் தோட்டில் ஏறாமல் அடம்பிடிக்கும். பின்பக்கம் மூடிய கல் பதிப்பும், உள்ளே அரக்கு நிரப்பியதும் பழைய வேலையின் அடையாளங்களே. ஆனால் இன்றும் அப்படிச் செய்வோர் இருப்பதால், அவற்றை மட்டும் நம்பி வயது சொல்ல நான் துணியமாட்டேன்.

மாற்றும் சில நேரம் காலம் பேசும். 1963 ஜனவரியில் வந்த தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் 14 காரட்டுக்கு மேற்பட்ட நகை செய்வதைத் தடை செய்தன. அந்தத் தடை 1966-இல் தளர்த்தப்படும் வரை எத்தனையோ பொற்கொல்லர் குடும்பங்கள் பிழைப்பிழந்து தவித்தன. தென்னிந்திய வேலைப்பாட்டில் அமைந்த நகை ஒன்று சோதனையில் 585-ஐ (ஆயிரத்தில் 585 பங்கு தங்கம், அதாவது 14 காரட்) ஒட்டிக் காட்டினால், அந்த இடைவெளியை நினைவில் கொள்வது பயன்தரும். சோதனைக்கு அங்கீகாரம் பெற்ற ஹால்மார்க் மையத்துக்கே செல்லுங்கள். எக்ஸ்-கதிர்க் கருவி மேற்பரப்பைத்தான் படிக்கும் என்பதால் கொக்கி, தகடு, மணி ஆகிய மூன்றிடங்களிலும் தனித்தனியாகப் பார்த்துத் தரும்படி கேளுங்கள். அதற்கு முன் மெருகு போடக் கொடுக்க வேண்டாம். தேய்ந்த எழுத்து திரும்பி வராது.

கேள்வி: துறைமுகத்தில் வேலை பார்த்த என் தாத்தாவின் கைக்கடியாரச் சங்கிலியில் ஒரு நங்கூரம், ‘15’, ‘.625’, ஓர் ஆங்கில எழுத்து ஆகியவை உள்ளன. நங்கூரம் துறைமுகத்தின் அடையாளம் என்று வீட்டில் சொல்வார்கள். சரியா?
– வாசகர், ராயபுரம்

பதில்: கடலோரத்தில் பிறந்தவர்களுக்கு அப்படித் தோன்றுவது இயல்புதான். ஆனால் இந்த நங்கூரம் இங்கிலாந்தில் கடலே இல்லாத பர்மிங்காம் நகரின் தங்கச் சோதனை அலுவலகத்துக்கு உரியது. 1773-இல் தொடங்கப்பட்ட அந்த அலுவலகத்தின் சின்னம் அது. லண்டனுக்குச் சிறுத்தைத் தலை, எடின்பரோவுக்குக் கோட்டை. உங்கள் சங்கிலியின் காலத்துக்கு வலுவான எல்லை தருவது ‘15’, ‘.625’ என்பவையே (24-இல் 15 பங்கு தங்கம் என்பதே .625). 15 காரட் தரம் பிரிட்டனில் 1854-இல் அனுமதிக்கப்பட்டு 1932-இல் நீக்கப்பட்டது. ஆகவே சங்கிலி அந்த ஆண்டுகளுக்கு இடைப்பட்டது. அந்த ஓர் எழுத்து ஆண்டு எழுத்து. அகரவரிசை முடிந்ததும் அதே எழுத்து மறுபடி வரும் என்பதால், எழுத்து எது என்பது மட்டும் போதாது. அது பெரிய எழுத்தா சிறிய எழுத்தா, எந்த வடிவில் உள்ளது, அதைச் சூழ்ந்த கட்டத்தின் மூலைகள் எப்படி வெட்டப்பட்டுள்ளன என்பவற்றையெல்லாம் பர்மிங்காமுக்குரிய அட்டவணையுடன் பொருத்திப் பார்க்க வேண்டும். அக்காலத்தில் எழுத்து ஆண்டின் நடுவில் மாறியதால், கிடைக்கும் விடை இரண்டு ஆண்டுகளைத் தொட்டே நிற்கும்.

கேள்வி: எங்கள் காசுமாலையில் உள்ள சவரன்களில் 1911 என்று இருக்கிறது. மாலையும் அந்த ஆண்டினதா?
– வாசகி, பெரம்பூர்

பதில்: இல்லை. மாலையில் உள்ள காசுகளில் மிகப் பிந்திய ஆண்டு எதுவோ, மாலை இப்போதுள்ள வடிவம் பெற்றது அதற்கும் பிறகுதான். எவ்வளவு பிறகு என்பதைக் காசு சொல்லாது. எல்லாக் காசுகளையும் புரட்டிப் பாருங்கள். 1918 காசு ஒன்றில் குதிரைவீரனுக்குக் கீழே தரைக்கோட்டின் நடுவில் ‘ஐ’ என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அது பம்பாயில் அச்சடிக்கப்பட்டது. வளையம் பற்றவைக்காத உண்மையான சவரன் ஏறக்குறைய 7.98 கிராம் எடையும் 22 காரட் தரமும் கொண்டது. எடை மிகவும் குறைந்தால், ஆசாரியே அச்சு வைத்து அடித்த காசாக அது இருக்கலாம்.

கேள்வி: என் வளையலில் முக்கோணச் சின்னம், 916, ‘ஜே’ என்ற ஆங்கில எழுத்து, வேறு இரண்டு குறிகள் உள்ளன. ஆறெழுத்து எண் இல்லை. இது செல்லுமா?
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: செல்லும். ‘ஜே’ 2008-ஐக் குறிக்கும் ஆண்டு எழுத்து. 2000-க்கு ‘ஏ’ என்று தொடங்கி, ‘ஐ’ எழுத்தை விட்டுச் சென்ற வரிசை அது. மற்ற இரண்டும் சோதனை மையத்தின் குறியும் நகைக் கடையின் குறியும் ஆகும். 2017 முதல் ஆண்டு எழுத்து நீக்கப்பட்டது. 2021 ஜூலையில் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறிலக்க அடையாளம் வந்தது. 2023 ஏப்ரல் 1 முதல் அந்த அடையாளம் இல்லாமல் கடைக்காரர் விற்கக் கூடாது என்பதே விதி. வீட்டில் வைத்திருப்பவர் அணிவதற்கோ, மாற்றுவதற்கோ, விற்பதற்கோ தடையில்லை.