பழைய ஃபைபர் சேனல் புத்தகத்தை எங்கிருந்து படிப்பது?

அன்புள்ள சார்,

எனக்கு மன்னார்குடி பக்கம் ஒரு கிராமம். அப்பா நெல் விவசாயம். பாலிடெக்னிக் முடித்துவிட்டு சென்னையில் ஒரு டேட்டா சென்டரில் வேலை பார்க்கிறேன். சமீபத்தில் ஸ்டோரேஜ் டீமுக்கு மாற்றினார்கள். சீனியர் ஒருவர் ஃபைபர் சேனல் (சர்வர்களையும் ஸ்டோரேஜையும் இணைக்கும் நெட்வொர்க்) பற்றிய ரெஃபரன்ஸ் புத்தகம் ஒன்றைக் கொடுத்தார். 2 ஜிகாபிட் காலத்துப் புத்தகம் அது. எங்களிடம் ஓடுவதோ 32 ஜிகாபிட். பொங்கல் லீவுக்கு ஊருக்கும் தூக்கிக்கொண்டு வந்தேன். ஒவ்வொரு முறையும் என்கோடிங் அத்தியாயத்திலேயே நின்றுவிடுகிறேன். கூட இருப்பவர்கள் வீடியோ பார்த்தால் போதும் என்கிறார்கள். இந்தப் புத்தகத்தோடு மல்லுக்கட்டுவதில் பயன் உண்டா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள தம்பி,

பயன் உண்டு. ஆனால் முதல் பக்கத்திலிருந்து படிக்காதீர்கள். ரெஃபரன்ஸ் புத்தகத்தை எழுதுகிறவர் ஃபைபர் சேனலின் அடி அடுக்கான எஃப்சி-0-ல் லேசரையும் கேபிளையும் வைத்து, அங்கிருந்து ஒவ்வொரு அடுக்காக, உச்சியில் உள்ள எஃப்சி-4 வரை ஏறுவார். எழுத அது சரியான வரிசை. படிக்கிறவனுக்கு அது பாலைவனம். நீங்கள் நின்றுபோன 8பி/10பி என்கோடிங் (8 பிட்டை 10 பிட்டாக மாற்றிக் கம்பியில் அனுப்பும் முறை) 8 ஜிகாபிட்டோடு முடிந்துபோன விஷயம். 16-ல் 64பி/66பி வந்துவிட்டது. அந்த அத்தியாயத்தை இப்போதைக்குத் தாராளமாகத் தாண்டலாம்.

ஒரே ஒரு ரைட் கமாண்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். சர்வர் ஒரு பிளாக்கை எழுதச் சொன்னால் கம்பியில் என்னென்ன போகிறது? முதலில் கமாண்ட் பிரேம் (ஃபைபர் சேனலில் ஒரு பாக்கெட்டுக்குப் பிரேம் என்று பெயர்). ஸ்டோரேஜ் தயாரானதும் ‘டிரான்ஸ்ஃபர் ரெடி’ திரும்பி வரும். பிறகு டேட்டா, கடைசியில் ரெஸ்பான்ஸ். இந்த நான்கையும் ஒரு தாளில் வரைந்து, ஒவ்வொன்றுக்கும் 24 பைட் ஹெட்டரை நீங்களே நிரப்புங்கள். அனுப்புகிறவரின் முகவரியான எஸ்-ஐடி, பெறுகிறவரின் முகவரியான டி-ஐடி இரண்டும் திசைக்கேற்ப இடம் மாறும். அந்தக் கமாண்டுக்கு சர்வர் கொடுக்கும் எண்ணான ஓஎக்ஸ்-ஐடி மட்டும் நான்கிலும் மாறாது. ஆயிரக்கணக்கான கமாண்டுகள் ஒரே கம்பியில் கலந்து ஓடும்போது எந்தப் பதில் எந்தக் கேள்விக்கு என்று சர்வர் கண்டுபிடிப்பது அதை வைத்துத்தான். நிரப்பும்போது தெரியாத கட்டம் வரும். அப்போது மட்டும் புத்தகத்தின் பின்பக்க இண்டெக்ஸைப் பிரித்துப் பாருங்கள்.

அடுத்து பஃபர் கிரெடிட். புத்தகத்தில் வேறு எதைப் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள். உங்கள் ஊர் நெல் கொள்முதல் நிலையத்தில் களத்தில் இடம் இருந்தால்தான் டோக்கன். டோக்கன் இல்லாமல் கொண்டுபோன நெல் வாசலில் மழையில் நனையும். ஃபைபர் சேனலிலும் எதிர்முனை தன்னிடம் உள்ள பஃபர்களின் (வரும் பிரேமை வைக்கும் தற்காலிக இடங்களின்) எண்ணிக்கையை லாகினிலேயே சொல்லிவிடுகிறது. ஒரு பிரேம் அனுப்பினால் ஒரு கிரெடிட் குறையும். எதிர்முனை அந்த பஃபரைக் காலி செய்து ‘ஆர்-ரெடி’ அனுப்பினால் ஒன்று கூடும். கிரெடிட் தீர்ந்தால் அனுப்புவது நிற்கும். சாதாரண ஈதர்நெட் போல இடமில்லை என்று பாக்கெட்டைத் தூக்கி எறிவதில்லை.

இப்போது கணக்கு. தஞ்சாவூருக்கும் வல்லத்துக்கும் உள்ள தூரம் போல 10 கி.மீ. ஃபைபர் என்று வைத்துக்கொள்வோம். கண்ணாடிக்குள் ஒளி ஒரு கி.மீ. போக சுமார் 5 மைக்ரோ செகண்ட். போய்வர 100. முழு அளவு பிரேம் 2148 பைட். 2 ஜிகாபிட் வேகத்தில் அதைக் கம்பியில் ஏற்ற 10 மைக்ரோ செகண்ட். ஆக, கம்பி சும்மா இருக்காமல் இருக்க 10 கிரெடிட் வேண்டும். 8 ஜிகாபிட்டில் 40. உங்கள் 32-ல் சுமார் 160. பிரேம் அளவும் மாறவில்லை, ஒளியின் வேகமும் மாறவில்லை. அதனால்தான் அந்தப் பழைய புத்தகத்தின் சூத்திரம் இன்றும் அப்படியே வேலை செய்கிறது.

கிரெடிட் குறைவாக இருந்தால் என்ன ஆகும் தெரியுமா? எர்ரர் கவுண்டர் ஒன்றுகூட ஏறாது. லிங்க் பச்சையாகவே எரியும். டேட்டாபேஸ்காரர்கள் மட்டும் ‘ஸ்லோவாக இருக்கிறது’ என்று டிக்கெட் போட்டுக்கொண்டே இருப்பார்கள். ஒரு ஸ்விட்சில் எந்தக் கமாண்டை அடிப்பது என்று வீடியோ சொல்லித்தரும், அதில் குறையில்லை. பச்சை விளக்கு எரியும்போதே எங்கே தேட வேண்டும் என்பதற்குப் புத்தகம்தான்.

வீட்டில் ஃபைபர் சேனல் ஸ்விட்ச் வாங்கி வைக்க முடியாது. லேப்டாப்பில் இரண்டு லினக்ஸ் விர்ச்சுவல் மெஷின் போட்டு அவற்றுக்குள் ஐஸ்கசி (சாதாரண நெட்வொர்க் வழியாக ஸ்டோரேஜ் கமாண்டுகளை அனுப்பும் முறை) ஓட்டுங்கள். நெட்வொர்க்கில் ஓடுவதைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க்கில் ஐஸ்கசியின் டிசிபி 3260 போர்ட்டைப் பிடித்தால் கமாண்ட், டேட்டா எல்லாம் பெயரோடு தெரியும். டிரான்ஸ்ஃபர் ரெடிக்குப் பதில் அங்கே ஆர்2டி. ஒன்றைக் கவனியுங்கள்: சின்ன ரைட்டில் டேட்டா கமாண்டோடு ஒட்டிக்கொண்டே போய்விடலாம், ஆர்2டி கண்ணில் படாது. ஒரு மெகாபைட்டாக எழுதிப் பாருங்கள்.

ஃபிளாஷ் டிஸ்குகளோடு பேசும் புதிய முறையான என்விஎம்இ-க்குப் பழைய புத்தகம் உதவாது. அதற்கு ஸ்பெசிஃபிகேஷனையே இலவசமாகத் தருகிறார்கள். கமாண்ட் 64 பைட், கம்ப்ளீஷன் 16 பைட் என்ற இரண்டு படங்களில் தொடங்குங்கள். நெட்வொர்க் வழியாக அதை ஓட்டும் முறை 2016-ல் வந்தது. ஃபைபர் சேனல் மேலும் அது ஓடும், அப்போதும் கீழே இருப்பது இதே பிரேம், இதே கிரெடிட்.

லீவு முடிந்து போனதும் முதல் வேலையாக, உங்கள் இரண்டு சைட்டுகளை இணைக்கும் போர்ட்டுக்கு எத்தனை கிரெடிட் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று பாருங்கள். கேபிள் நீளத்தைக் கேட்டு வாங்கிக் கணக்குப் போடுங்கள். குறைந்தால் நீங்களாக மாற்ற வேண்டாம், அந்தத் தாளோடு புத்தகம் கொடுத்த சீனியரிடம் போங்கள்.