சென்னை–பலாலி (யாழ்ப்பாண விமான நிலையம்) விமானப் பயணம்: கேள்வி பதில்

கேள்வி (மானிப்பாய்): சென்னைக்கும் பலாலிக்கும் இடையே உள்ள தொலைவு எவ்வளவு?

பதில்: நேர்கோட்டில் ஏறத்தாழ 355 கிலோமீட்டர். விமானிகளின் கணக்கில் 190 கடல் மைலுக்குச் சற்றே கூடுதல். சென்னையிலிருந்து மதுரை விமான நிலையத்துக்கு ஏறத்தாழ 415 கிலோமீட்டர் என்பதால், சென்னைக்கு மதுரையைவிட யாழ்ப்பாணமே கிட்டம் என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. சென்னை, பலாலி ஆகிய இரு நிலையங்களும் 80 பாகைக் கிழக்குத் தீர்க்கரேகையை ஒட்டி, வடக்கு தெற்காக 3.2 பாகை இடைவெளியில் உள்ளன. பாகைக்கு 111 கிலோமீட்டர் என்று பெருக்கிப் பாருங்கள்.

கேள்வி (கோவை): ஓர் இணையதளம் 57 நிமிடம் என்கிறது, என் பயணச்சீட்டிலோ ஒன்றேகால் மணி நேரம். எது சரி?

பதில்: அந்தத் தளம் 355-ஐ 800-ஆல் வகுத்து, வந்த 27 நிமிடத்தோடு அரை மணி நேரத்தைக் கூட்டியிருக்கிறது. 800 என்பது ஜெட்டின் வேகம். இத்தடத்தில் பறப்பது ஏடிஆர் 72 என்னும் சுழல்விசிறி விமானம். அதன் வேகம் மணிக்கு 500 கிலோமீட்டர் அளவில்தான். அந்த வேகத்திலேயே முழுத் தொலைவையும் கடந்தால் 43 நிமிடம் ஆகும். ஆனால் மேலேறும்போது வேகம் குறைவு. இறங்கும்போது ஓடுதளத்துக்கு நேராக வரச் சுற்றவும் நேரிடும். பயணச்சீட்டில் உள்ள நேரமோ, விமானம் நிறுத்துமிடத்தைவிட்டு நகர்வது முதல் மறுமுனையில் வந்து நிற்பது வரையிலானது. பறக்கும் நேரம் வேறு, பயணச்சீட்டின் நேரம் வேறு.

கேள்வி (கோவை, மீண்டும்): அப்படியானால் ஜெட் விட்டால் பாதி நேரத்தில் போய்விடலாமே?

பதில்: போக முடியாது. 1,000 அடி இறங்குவதற்கு 3 கடல் மைல் தேவை என்பது விமானிகளின் மனக்கணக்கு. ஜெட் 35,000 அடிக்கு ஏறினால் இறங்குவதற்கே 105 கடல் மைல், அதாவது பாதித் தொலைவுக்கும் மேல், போய்விடும். ஏறுவதற்கும் ஏறத்தாழ அவ்வளவு வேண்டும். தன் உயரத்தை எட்டுவதற்குள் அது இறங்கத் தொடங்க வேண்டியதுதான். மிச்சமாவது பத்துப் பதினைந்து நிமிடம். அதற்குச் செலவாகும் எரிபொருளோ அதிகம். 20,000 அடியில் பறக்கும் ஏடிஆருக்கு இறங்க 60 கடல் மைல் போதும்.

கேள்வி (கோவை, மூன்றாம் முறை): ஆனாலும் 800 என்பதுதானே சராசரி வேகம்?

பதில்: நெடுந்தூரத்துக்கு மட்டும். இதற்குமேல் இந்த 800-ஐ நான் தொடப்போவதில்லை.

கேள்வி (தாம்பரம்): கொழும்பு வழியாகப் போவது எப்படி?

பதில்: கொழும்பின் விமான நிலையமான கட்டுநாயக்கா சென்னையிலிருந்து ஏறத்தாழ 645 கிலோமீட்டர். யாழ்ப்பாணத்தைத் தாண்டிப் போய், மீண்டும் 290 கிலோமீட்டர் வடக்கே திரும்ப வேண்டும். அதுவும் நேர்கோட்டில்தான், சாலையில் இன்னும் கூடும். பலாலிச் சேவை 2020-இல் நின்று 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கும்வரை பலருக்கு வேறு வழி இருக்கவில்லை.

கேள்வி (திருச்சி): எங்கள் ஊரிலிருந்து பலாலிக்கு?

பதில்: ஏறத்தாழ 185 கிலோமீட்டர். நேரத்துக்கு, கோவைக்காரருக்குச் சொன்ன முதல் பதிலைப் பாருங்கள்.

கேள்வி (வவுனியா): கடிகாரத்தை மாற்ற வேண்டுமா?

பதில்: வேண்டாம். 2006 முதல் இரு நாடுகளுக்கும் ஒரே நேரம்.

கேள்வி (மதுரவாயல்): விசாவுக்கு என்ன செய்ய வேண்டும்?

பதில்: அது என் துறையன்று, தூதரகத்தைக் கேளுங்கள்.

கேள்வி (வேளச்சேரி): மொத்தம் எத்தனை நிமிடம் பறக்கும்? யாழ்ப்பாணத்தில் இறங்கியதும் ஒரு பேருந்தைப் பிடிக்க வேண்டும்.

பதில்: பறக்கும் நேரம் வேறு என்று மேலேயே எழுதிவிட்டேன். பயணச்சீட்டில் உள்ள நேரத்தோடு குடிவரவு வரிசைக்கும் பெட்டிக்குமாக ஒரு மணி நேரத்தைச் சேர்த்து, அதற்குப் பின் புறப்படும் பேருந்தில் இடம் பிடியுங்கள்.