வெளிறிய மூன்று குட்டிகள்

கேள்வி: 11 பன்றிக்குட்டிகள். மூன்றாம் நாளே எல்லாவற்றுக்கும் இரும்பு ஊசி போட்டேன். இப்போது 16 நாள். மூன்று மட்டும் காது வெளிறி, ரோமம் சிலிர்த்து, வயிறு ஏறி இறங்க மூச்சு வாங்குகின்றன. தாய்ப்பன்றிக்கு இரும்பு டானிக் கொடுங்கள், அடுத்த ஈற்றில் பிறந்த அன்றே இரண்டு மடங்கு ஊசி போடுங்கள் என்கிறார் மருந்துக் கடைக்காரர். செய்யலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். எட்டுக் குட்டிகள் நன்றாக இருக்கும்போது மருந்தைக் குறை சொல்ல முடியாது. ஊசி போட்ட கையைத்தான் நான் சந்தேகப்படுவேன். ஊசியை உருவியதும் கழுத்தில் பழுப்பாக ஒரு துளி வழிந்ததா? வழிந்தது என்றால், குட்டிக்குப் போக வேண்டிய மருந்து உங்கள் கையில் கறையாகிவிட்டது. காதுக்குப் பின்னால் தோலைக் கட்டைவிரலால் ஒரு பக்கமாக இழுத்துப் பிடித்துக் குத்துங்கள். மருந்து இறங்கியபின் மெல்ல நான்கு எண்ணிவிட்டு உருவி, தோலை விடுங்கள். துளை மூடிக்கொள்ளும். தொடையில் போடாதீர்கள்.

டானிக் விஷயத்தில் எனக்குக் கோபமே வரும். தாய்க்கு எவ்வளவு ஊற்றினாலும் பாலில் இரும்பு ஏறாது. குட்டிக்கு ஒரு நாளைக்கு 7 முதல் 10 மில்லிகிராம் வேண்டும். பாலில் கிடைப்பது 1 மில்லிகிராம் அளவுதான். டானிக்கில் தெம்பாவது கடைக்காரர் மட்டும்தான்.

இரட்டை டோஸ் இன்னும் மோசம். பாலூட்டிகளின் உடலுக்குக் கூடுதல் இரும்பை வெளியேற்றத் தனி வழி கிடையாது. உள்ளே விடும் வாசலில்தான் கட்டுப்பாடு. இரும்பு கூடினால் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரக்கும். அது குடல் செல்லிலிருந்து ரத்தத்துக்கு இரும்பைக் கடத்தும் ஃபெரோபோர்ட்டினை அடைத்துவிடும். தீவனத்தில் வரும் இரும்பு குடல் செல்லிலேயே தங்கி, சில நாளில் அந்தச் செல் உதிரும்போது சாணத்தோடு போய்விடும். ஊசியில் ஏற்றியதோ இந்த வாசலைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்துவிட்டது. அதைத் திருப்பி அனுப்ப முடியாது. செல்கள் முடிந்த மட்டும் ஃபெரிட்டின் என்ற சேமிப்புப் புரதத்துக்குள் பூட்டி வைக்கும். மீறி ரத்தத்தில் திரிவது கிருமிகளுக்குத் தீனி. தாய்க்கு வைட்டமின் ஈ, செலினியம் குறைந்திருந்தால் வழக்கமான டோஸே குட்டியைக் கொன்றுவிடக்கூடும். இரட்டை டோஸைக் கேட்கவே வேண்டாம்.

அப்புறம், புட்டியைப் பாருங்கள். ஒரு மில்லியில் 100 மில்லிகிராம் உள்ளதும் உண்டு, 200 உள்ளதும் உண்டு. குட்டிக்கு வேண்டியது 200 மில்லிகிராம். மில்லியை மட்டும் நினைவில் வைத்தால் பாதிதான் போயிருக்கும், அல்லது இரண்டு பங்கு.

இப்போது அந்த மூன்றையும் துரத்திப் பிடிக்காதீர்கள். ரத்தம் குறைந்த குட்டி, பிடிக்கும் பதற்றத்திலேயே செத்து விழும். அவை படுத்திருக்கும்போது கால்நடை மருத்துவரை வரவழைத்து ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்லுங்கள். கழிச்சலோ தொப்புளில் ரத்தக் கசிவோ இருந்ததா என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். 8 கிராமுக்குக் கீழே இருந்தால் அந்த மூன்றுக்கு மட்டும் இன்னொரு ஊசி. மற்ற எட்டுக்கும் குட்டித் தீவனத்தைக் காட்டத் தொடங்குங்கள்.