மரத்தில் ஏறப் படி எது? வாசகர் கேள்வி பதில்

அமெரிக்காவில் மான் வேட்டைக்குப் போகும் வாசகர்கள் சிலர் கேட்ட கேள்விகள். எதுவுமே பரணைப் பற்றியதல்ல, அதாவது மானுக்காகக் காத்திருக்க மரத்தில் கட்டும் மேடையைப் பற்றியதல்ல; அந்தப் பரணுக்கு ஏறும் வழியைப் பற்றியது.

கேள்வி: மிச்சிகனில், அரசு நிலத்தில், இந்த வருடம்தான் முதல்முறையாக வில் வேட்டைக்குப் போகப் போகிறேன். மரத்துக்குள் முறுக்கி ஏற்றும் திருகுப் படி மலிவாகக் கிடைக்கிறது. மரத்தோடு ஸ்ட்ராப் போட்டுக் கட்டும் படி வைத்த கம்பு, அதுதான் கிளைம்பிங் ஸ்டிக், நாலு வாங்கினால் பர்ஸ் காலி. திருகுப் படியே போதாதா?

பதில்: சட்டமே விடாது. மிச்சிகன் அரசு நிலத்தில், பட்டைக்கு அடியில் இருக்கும் கேம்பியம் என்ற உயிருள்ள அடுக்கைத் துளைக்கிற எதையும் மரத்தில் ஏற்றக் கூடாது. திருகு, ஆணி, போல்ட் எல்லாம் இதில் அடங்கும். அங்கே வைக்கும் பரணில் உங்கள் அடையாளத்தைக் கீழே நின்று படிக்கும்படி எழுதி ஒட்ட வேண்டும் என்பதும் விதி, அதையும் மறக்காதீர்கள். வேறு பல மாநிலங்களின் பொது நிலங்களிலும் திருகுக்குத் தடை உண்டு, ஆகவே பருவத்துக்கு முன்னால் அந்தந்த மாநிலத்தின் வேட்டை விதிப் புத்தகத்தை ஒருமுறை புரட்டிவிடுங்கள். தடைக்குக் காரணம் இருக்கிறது. துளை வழியாக அழுகல் உள்ளே போகும். மறந்துவிட்ட இரும்பை மரம் மூடி வளர்ந்துவிடும், பல வருடம் கழித்து அது அறுவை ஆலையின் ரம்பத்தில் போய் மாட்டும். தனியார் நிலத்தில் உரிமையாளர் சம்மதித்தால் செய்யலாம், ஆனால் மரத்தை விற்க நினைப்பவர் சம்மதிக்க மாட்டார்.

சட்டத்தை விடுங்கள். ஓக் மரத்தில் ஒரு கையால் மரத்தைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பத்துப் பன்னிரண்டு திருகு முறுக்கிப் பாருங்கள், உச்சிக்குப் போவதற்குள் வில்லை இழுக்கத் தெம்பு இருக்காது. விலையைப் பார்க்கும்போது அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஸ்டிக் மூன்று போதுமா, நாலு வேண்டுமா? குட்டையா, நீளமா? எய்டர் மாட்டினால் மிச்சமாகுமாமே?

பதில்: முதலில் ஒன்று சொல்லுங்கள்: ஒரே மரத்தில் கட்டிவிட்டுப் பருவம் முழுக்க அங்கேயே உட்காரப் போகிறீர்களா, தினமும் முதுகில் சுமந்துகொண்டு இடம் மாறப் போகிறீர்களா? முதல் ரகமென்றால் நீளமான, கனமான, விலை குறைந்த ஸ்டிக்கே போதும், எடை ஒரு பொருட்டே இல்லை. சுமப்பவருக்குத்தான் ஒரு கிலோ அளவில் இருக்கும் குட்டை அலுமினிய ஸ்டிக்.

உயரத்தைக் கடைக்காரரிடம் கேட்காதீர்கள், நீங்களே கணக்குப் போடுங்கள். வேட்டைக்குப் போகும் அதே தடித்த உடுப்பும் பூட்ஸும் போட்டுக்கொண்டு, சிரமமில்லாமல் கால் எவ்வளவு தூக்க முடிகிறது என்று சுவரோரம் நின்று அளந்து பாருங்கள். 18 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். ஸ்டிக்கின் கீழ்ப்படிக்கும் மேல்படிக்கும் இடைவெளி 17 அங்குலம். தரையிலிருந்து முதல் படிக்கு 18, ஸ்டிக்குக்கு 17, அடுத்த ஸ்டிக்குக்கு மறுபடி 18, இப்படியே போனால் நாலாவது ஸ்டிக்கின் மேல்படி 140 அங்குலத்தில் நிற்கும். அதாவது 11 அடி 8 அங்குலம், அவ்வளவுதான். விளம்பரத்தில் சொல்லும் 20 அடி எங்கே போனது என்று பலர் குழம்புவது இந்த இடத்தில்தான். ஒவ்வொரு ஸ்டிக்கின் அடியிலும் ஒரு படி எய்டர், அதாவது நாடாவாலான தொங்கு படி, மாட்டினால் ஒவ்வொன்றிலும் 18 அங்குலம் கூடும், 17 அடி 8 அங்குலம் வரும். மிச்சம்தான். ஆனால் எய்டர் ஆடும், கால் வைத்தவுடன் மரத்தை நோக்கி உள்ளே போகும், இறங்கும்போது இருட்டில் காலால் துழாவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். தரையோடு ஒட்டிக் கட்டிப் பல தடவை ஏறி இறங்கிப் பழகாமல் காட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள்.

என்னைக் கேட்டால் உயரத்துக்கு இவ்வளவு ஆசையே வேண்டாம். மேலே போகப் போக அம்பு இறங்கும் கோணம் செங்குத்தாகும், இரண்டு நுரையீரலையும் துளைக்கும் வாய்ப்பு குறையும். முதுகுக்குப் பின்னால் உருவத்தை மறைக்கக் கிளையும் இலையும் இருந்தால் 14 அடியே தாராளம்.

கேள்வி: ஸ்டிக்கை இறுக்கித்தான் கட்டுகிறேன். ஆனாலும் ஏறி நின்றதும் ஒரு அங்குலம் சறுக்குகிறது. ஸ்ட்ராப்பை விட்டுவிட்டுக் கயிறு வாங்கட்டுமா?

பதில்: வாங்குவதற்கு முன்னால் மரத்தின் பின்பக்கம் போய்ப் பாருங்கள். ஸ்ட்ராப் பின்னால் தொய்ந்து, பக்கிள் இருக்கும் முன்பக்கத்தைவிடக் கீழே இருக்கிறதா? அதுதான் கோளாறு. அப்படி இருந்தால் உங்கள் எடை ஸ்டிக்கைக் கீழே இழுக்க இழுக்க ஸ்ட்ராப் நேராகித் தளர்ந்துவிடும். பின்பக்கம் முன்பக்கத்துக்குச் சமமாகவோ ஒரு விரலளவு மேலேயோ இருந்தால் எடை ஏறஏற இறுகும். அடிமரம் கீழே போகப் போகப் பருப்பதும் நமக்குச் சாதகம்.

கட்டும் முறை இதுதான். ஸ்டிக்கின் பல் மரப்பட்டையில் பதிகிற மாதிரி வையுங்கள், முண்டு முடிச்சில் பாதிப் பல் மட்டும் படக் கூடாது. ஸ்ட்ராப்பை முறுக்கில்லாமல் சுற்றி, பக்கிளில் கொடுத்து, கிடைமட்டமாக இழுத்து இறுக்குங்கள். அப்புறம் ஸ்டிக்கை இரண்டு கையாலும் பிடித்துக் கீழ்நோக்கி ஓங்கி ஓர் இழுப்பு. பல் கடித்து உட்காருவது கைக்கே தெரியும். ஸ்ட்ராப்பில் மிச்சத் தொய்வு வந்திருந்தால் இன்னொரு தடவை இறுக்குங்கள். இடமும் வலமும் ஆட்டிப் பார்த்து அசையாவிட்டால்தான் கால் வைக்க வேண்டும்.

கயிறும் நல்லதுதான், லேசு, சத்தமில்லை. நைலான் ஸ்ட்ராப் நனைந்தால் கொஞ்சம் நீளும், புதுவகை உயர்வலிமைப் பாலிஎத்திலீன் கயிறு அவ்வளவாக நீளாது. ஆனால் அது வழுக்கும், சாதாரண முடிச்சு அதில் நிற்காது, உரசிச் சூடேறினால் சீக்கிரம் உருகும். ஸ்டிக் செய்தவர்கள் எந்தக் கயிற்றுக்கு எந்தக் கொக்கி என்று சொல்லியிருக்கிறார்களோ அதை மட்டும் போடுங்கள். ஹார்டுவேர் கடைக் கயிறு வேண்டவே வேண்டாம்.

கேள்வி: மேலே உட்கார்ந்த பிறகு ஹார்னஸை, அதாவது உடம்பில் போட்டுக்கொள்ளும் பாதுகாப்புப் பட்டையை, மரத்தில் மாட்டினால் போதும் என்கிறார் என் மச்சான். முப்பது வருட அனுபவஸ்தர்.

பதில்: மச்சானின் அனுபவத்துக்கு மரியாதை உண்டு, ஆனால் இதில் அவர் சொல்வது தப்பு. ஏறும்போதும், இறங்கும்போதும், படியிலிருந்து பரணுக்குக் கால் மாற்றும்போதும்தான் பெரும்பாலானவர்கள் விழுகிறார்கள். ஸ்டிக் கட்ட இரண்டு கையும் வேண்டும், அப்போது உங்களை மரத்தோடு பிடித்து வைப்பது எது? இடுப்பின் இரண்டு பக்கமும் மாட்டி மரத்தைச் சுற்றி வரும் லைன்மேன் கயிறுதான். கால் தரையை விடும் முன்பே அதை மாட்டுங்கள். நீளத்தைக் கூட்டிக் குறைக்க ப்ருசிக் முடிச்சு, அதாவது கயிற்றைச் சுற்றிப் போடும், எடை விழுந்தால் இறுகிக்கொள்ளும் முடிச்சு; அதன் கயிறு பிரதானக் கயிற்றைவிட மெல்லியதாக இருந்தால்தான் பிடிக்கும். வழியில் கிளை வந்தால் அதற்கு மேலே இரண்டாவது கயிற்றை மாட்டிய பிறகே முதல் கயிற்றைக் கழற்ற வேண்டும்.

பரணுக்குக் கால் மாற்றும் இடம் இன்னும் மோசம். கடைசி ஸ்டிக்கின் மேல்படி பரண் தளத்தின் மட்டத்திலோ சற்று மேலேயோ இருக்கட்டும். படியிலிருந்து தளத்தில் இறங்கி நிற்க வேண்டும், தளத்தைப் பிடித்துத் தொற்றி ஏறக் கூடாது. ஹார்னஸின் பட்டையைத் தலைக்கு மேலே, தொய்வு அதிகமில்லாமல் மரத்தில் மாட்டிய பிறகே லைன்மேன் கயிற்றைக் கழற்றுங்கள். விழுந்து தொங்க நேர்ந்தால் காலில் ரத்தம் தேங்கி உயிருக்கே ஆபத்தாகும், அதனால் கால் வைத்து எழும்பி நிற்க உதவும் பட்டையும், கைக்கு எட்டுகிற பையில் போனும் இருக்கட்டும்.

வில்லையோ துப்பாக்கியையோ தோளில் மாட்டிக்கொண்டு ஏறாதீர்கள். கயிற்றில் கட்டி அப்புறம் தூக்கிக்கொள்ளலாம், துப்பாக்கியில் தோட்டா இருக்கக் கூடாது, குழல் கீழ்நோக்கி இருக்க வேண்டும்.

கேள்வி: எந்த மரத்தில் ஸ்டிக் கட்டக் கூடாது?

பதில்: செத்த மரம், சாய்ந்த மரம். ஆஷ் மரத்தைக் கண்டால் தலையை நிமிர்த்தி உச்சியைப் பாருங்கள். 2002-இல் டெட்ராய்ட் பக்கம் கண்டுபிடிக்கப்பட்ட எமரால்டு ஆஷ் போரர் என்ற வண்டு கோடிக்கணக்கில் ஆஷ் மரங்களைக் கொன்றிருக்கிறது, செத்த ஆஷ் எளிதில் முறியும். ஷாக்பார்க் ஹிக்கரியின் பட்டை பலகை பலகையாக உரிந்து தொங்கும், ஸ்டிக்கின் பல் அதைக் கடித்தால் பட்டையோடு கழன்று வரும். பீச் மரத்தின் வழவழப்பு மழை நாளில் ஆகாது.

கேள்வி: ஸ்டிக் ஒன்றோடொன்று மோதி டிங் டிங் என்று சத்தம் போடுகிறது.

பதில்: ஹாக்கி மட்டையில் சுற்றுகிற துணி டேப்பை உலோகம் உலோகத்தில் படும் இடங்களில் சுற்றுங்கள். பக்கிளின் பல்லில் மட்டும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தொங்கும் ஸ்ட்ராப் வாலையும் சுருட்டிச் செருகிவிடுங்கள்.

கேள்வி: தனியார் நிலம்தான். ஸ்டிக்கை அப்படியே அடுத்த பருவம் வரை மரத்தில் விட்டுவிடலாமா?

பதில்: விடாதீர்கள். மரம் பருக்கும், ஸ்ட்ராப் நரம்பு மாதிரி விறைத்துப்போகும், வெயில் இழையைத் தின்னும், மீதியை அணில் கடிக்கும். ஏற்கெனவே விட்டுவிட்டீர்கள் என்றால் ஸ்டிக்கை வைத்துக்கொண்டு ஸ்ட்ராப்பை மட்டும் புதிதாக வாங்குங்கள். கழற்றுவதற்கு அந்தப் பழைய ஸ்டிக்கின் மேலேயே ஏறாதீர்கள், பக்கத்தில் வேறு ஏணி வைத்து, லைன்மேன் கயிற்றை மாட்டிக்கொண்டு, மேலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே இறங்குங்கள்.