இதயம் தளர்ந்தால் நுரையீரலில் ஏன் நீர் கோக்கிறது?

கேள்வி: என் அம்மாவுக்கு 62 வயது. படுத்தால் மூச்சு முட்டுகிறது, இருமல் வருகிறது. மூன்று தலையணை வைத்துத்தான் தூங்குகிறார். சாயங்காலம் இரண்டு காலும் வீங்கிவிடுகிறது. எக்கோவில் (இதய ஸ்கேன்) இடது கீழறை பலவீனம், இ.எஃப். 38 சதவீதம் என்கிறார்கள். மருந்து கொடுத்திருக்கிறார்கள். கோளாறு இதயத்தில் என்றால் நுரையீரலும் காலும் ஏன் பாதிக்க வேண்டும்?

பதில்: இதயத்தை ஒரு பம்பு என்கிறோம். நடுச்சுவரைப் பகிர்ந்துகொண்ட இரண்டு பம்புகள் என்று நினைத்துக்கொண்டால் உங்கள் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

உடம்பைச் சுற்றி வரும் ரத்தம் பெருஞ்சிரைகள் வழியாக வலது மேலறையில் விழுந்து, மூவிதழ் வால்வைத் தாண்டி வலது கீழறைக்கு இறங்கும். அது நுரையீரலுக்குத் தள்ளும். அங்குள்ள நுண்குழாயில் ஒரு சிவப்பணு முக்கால் விநாடி அளவுக்குத்தான் இருக்கும். அதற்குள் ஆக்சிஜனை ஏற்றிக்கொண்டு இடது மேலறைக்கு வந்தாக வேண்டும். பிறகு ஈரிதழ் வால்வு, இடது கீழறை, பெருந்தமனி, மறுபடி உடம்பு. (சிரையில் ஓடுவதை 'கெட்ட ரத்தம்' என்பது பாவம். அதிலும் ஹீமோகுளோபினில் முக்கால்வாசி ஆக்சிஜனைச் சுமந்துகொண்டுதான் இருக்கிறது. நிறமும் நீலமல்ல, கருஞ்சிவப்பு.)

ஒரே வட்டத்தில் அடுத்தடுத்து இருப்பதால் வலது தள்ளும் அளவை இடதும் தள்ளியே தீர வேண்டும். துடிப்புக்குச் சுமார் 70 மில்லி. வலது 70 தள்ள, இடது 69 மட்டும் தள்ளுகிறது என்று வையுங்கள். நிமிடத்துக்கு 70 துடிப்பு என்றால் ஒரு மணி நேரத்தில் 4.2 லிட்டர் நுரையீரலில் தேங்கிவிடும். உடம்பில் உள்ள மொத்த ரத்தமே 5 லிட்டர்தான்! அப்படி ஆகாததற்குக் காரணம், கூடுதலாக வந்தால் கூடுதலாக விரிந்து தள்ளும் குணம் இதயத் தசைக்கு உண்டு. தளர்ந்த தசை அப்படித் தள்ள வேண்டுமானால் பின்னால் அழுத்தம் ஏற வேண்டும். அந்த அழுத்தம் இடது மேலறை, நுரையீரல் சிரை, நுண்குழாய் என்று பின்னோக்கிப் போகிறது. நுண்குழாயில் வழக்கமாக 10 மி.மீ. (பாதரச அளவு) அளவில் இருக்கும் அழுத்தம் 25ஐத் தாண்டினால் நீர் கசிந்து காற்றறைகளில் இறங்கும். படுத்தவுடன் காலில் நின்ற ரத்தமும் நெஞ்சுக்குத் திரும்புகிறது. அதனால்தான் மூன்று தலையணை.

நுரையீரலில் அழுத்தம் ஏறினால், குறைந்த அழுத்தத்துக்கே பழகிய மெல்லிய வலது கீழறை திணறும். தேக்கம் சிரைகளுக்குப் போய்க் காலில் தெரியும். சிறுநீரகமும் தனக்கு ரத்தம் போதவில்லை என்று உப்பையும் நீரையும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

இ.எஃப். 38 என்பதைப் பரீட்சை மார்க்காகப் படிக்காதீர்கள். நிரம்பிய ரத்தத்தில் ஒரு துடிப்பில் வெளியேறும் பங்கு அது. நல்ல இதயத்திலும் 55 முதல் 70 வரைதான். யாருக்கும் 100 கிடையாது.

தினமும் காலையில் சிறுநீர் கழித்தபின், சாப்பிடுவதற்கு முன், அதே எடைக்கருவியில் அம்மாவின் எடையைக் குறித்து வையுங்கள். மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் அது சதையல்ல, நீர். மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள். கணுக்காலுக்கு மேல் எலும்பின்மீது கட்டைவிரலால் பத்து விநாடி அழுத்திப் பாருங்கள். குழி விழுந்து மெல்ல நிரம்பினால் நீர் இன்னும் இருக்கிறது. உப்பைக் குறையுங்கள். அதற்குப் பதிலாக விற்கும் பொட்டாசியம் உப்பைக் கேட்காமல் வாங்காதீர்கள். இதய மருந்துகள் சிலவற்றோடு சேர்ந்தால் ஆபத்து. மூட்டு வலிக்கென்று தானாக வாங்கும் இபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் போன்ற மாத்திரைகள் நீரைத் தேக்கி, நீர் மாத்திரையின் வேலையைக் கெடுக்கும்.

உட்கார்ந்தும் மூச்சு அடங்காவிட்டாலோ, இளஞ்சிவப்பு நுரையாகச் சளி வந்தாலோ விடியும்வரை காத்திருக்கக் கூடாது. ஒரு காலில் மட்டும் திடீரென்று வீக்கமும் வலியும் வந்தால் அது வேறு விஷயம். சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம். அந்தக் காலை நீவிவிடாமல் அன்றே காட்டுங்கள். உறைகட்டி நகர்ந்தால், மேலே சொன்ன அதே பாதையில் வலது அறைகளைத் தாண்டி நேரே நுரையீரல் தமனியில் போய் அடைத்துக்கொள்ளும்.