சாவி பாதியில் நிற்கும் பழைய இரும்புப் பெட்டி: அறுப்பதற்கு முன் செய்ய வேண்டியவை

கேள்வி: பழம்பொருள் கடை ஒன்றில் பூட்டிய நிலையிலேயே ஓர் இரும்புப் பெட்டியை வாங்கினேன். கதவில் உள்ள பித்தளைத் தகட்டில் ‘சப், லண்டன்’ என்று பொறித்திருக்கிறது. கடைக்காரர் கொடுத்த கொத்தில் ஒரு சாவி மட்டும் உள்ளே போய்க் கால் வட்டம் சுற்றி நின்றது. மற்ற சாவிகளையும் போட்டுப் பார்த்த பிறகு, இப்போது அதுவும் அசையவில்லை. பூட்டைக் கெடுத்துவிட்டேனா? பொழுதுபோக்காக நானே திறக்க விரும்புகிறேன். கடைக்காரர் அனுப்பிய ஆள் ஒருவர், கேஸ் கட்டரால் அறுத்துத் தருவதாகவும், உள்ளே இருப்பதில் பாதியைத் தர வேண்டும் என்றும் சொல்கிறார். சட்டச் சிக்கல் ஏதும் வருமா?

பதில்: நீங்கள் பூட்டைக் கெடுத்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. பெட்டி உண்மையிலேயே சப் என்ற பழைய ஆங்கிலேயப் பூட்டு நிறுவனத்துடையது என்றால், பூட்டு தன் வேலையைச் செய்திருக்கிறது என்றே நினைக்கிறேன். இத்தகைய பூட்டினுள் லீவர் எனப்படும் தகடுகள் அடுக்கடுக்காக இருக்கும்; சரியான சாவி ஒவ்வொன்றையும் அதற்குரிய உயரத்துக்கு மட்டும் தூக்கும். போர்ட்ஸ்மவுத் கப்பல் தளத்தில் நடந்த திருட்டுக்குப் பிறகு, கள்ளச்சாவிக்கு இணங்காத பூட்டுக்கு பிரிட்டிஷ் அரசு 100 பவுன் பரிசு அறிவித்தது. அதற்காக ஜெரமையா சப் 1818-இல் உருவாக்கிய அமைப்பில், தவறான சாவி ஏதாவது ஒரு லீவரை அளவுக்கு மேல் தூக்கினால், அதை ஒரு ஸ்பிரிங் அப்படியே பிடித்துக்கொள்ளும். அதன் பிறகு சரியான சாவியைப் போட்டாலும் பூட்டு திறக்காது. தன் பூட்டை வேறு யாரோ தொட்டிருக்கிறார்கள் என்று உரிமையாளர் அறிந்துகொள்வதற்கான ஏற்பாடு அது. 1824-இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, சரியான சாவியைக் கொண்டே அந்தப் பிடியை விடுவிக்க முடிந்தது. ஆகவே, முதலில் உள்ளே போன அதே சாவியைப் போட்டு, திறக்கும் திசைக்கு எதிராக, அதாவது பூட்டும் திசையில், மெதுவாகத் திருப்புங்கள். உள்ளே ஏதோ விடுபடும் மெல்லிய சத்தம் கேட்டால், அதன் பின் வழக்கம்போல் திறந்து பாருங்கள்.

முதல் முறையே அது கால் வட்டத்தில் நின்றதற்குக் காரணம் பெரும்பாலும் கைப்பிடிதான். பெரிய பெட்டிகளில் சாவி கதவைத் திறப்பதில்லை. கதவின் தாழ்களை இழுப்பது கைப்பிடி, அந்தக் கைப்பிடிக்கு வழிவிடுவது மட்டுமே சாவியின் வேலை. கைப்பிடியைத் திறக்கும் பக்கமாக அழுத்திக்கொண்டே சாவியைத் திருப்பினால், தாழ்களின் பாரம் முழுவதும் பூட்டின் நாக்கில் இறங்கி, அது நகராது. கைப்பிடியைப் பூட்டிய நிலைக்கே முழுதாகத் திருப்பிவிட்டு, முழங்காலால் கதவை உள்நோக்கி அழுத்தியபடி சாவியைத் திருப்புங்கள்.

இதற்கும் இசையாவிட்டால், செல்போன் விளக்கைச் சாவித் துவாரத்தில் அடித்துப் பாருங்கள். நம் ஊரில் பல ஆண்டு திறக்காத துவாரத்தில் குளவி மண்கூடு கட்டியிருப்பது சாதாரணம். ஓர் ஈர்க்குச்சியால் அதைச் சிறிது சிறிதாக வெளியே எடுக்க வேண்டும், உள்ளே தள்ளக்கூடாது. தேங்காய் எண்ணெயை மட்டும் தயவுசெய்து ஊற்றாதீர்கள். அது நாளடைவில் பிசினாகித் தூசியோடு சேர்ந்து லீவர்களை ஒட்டவைத்துவிடும். பென்சில் முனையைச் சீவிய கிராஃபைட் பொடியே போதும்.

சாவி உண்மையிலேயே பொருந்தவில்லை என்றால், லீவர் பூட்டுக்குச் சாவி அராவத் தெரிந்த முதிய கைவினைஞர் ஒருவரைத் தேடுங்கள். திண்டுக்கல்லில் இன்னும் இருக்கிறார்கள். பல் வெட்டாத வெற்றுச் சாவியை உள்ளே விட்டுத் திருப்பி, லீவர் உரசிய இடங்களை வெளிச்சத்தில் பார்த்து, அரத்தால் ஓரிரு இழை மட்டும் தேய்ப்பதில்தான் இந்தப் பொழுதுபோக்கின் இன்பம் முழுவதும் இருக்கிறது. அருகில் உட்கார்ந்து பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்.

கேஸ் கட்டர் ஆளை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுங்கள். பழைய பெட்டிகள் பலவற்றின் இரட்டைச் சுவர்களுக்கிடையே படிகாரம் கலந்த நிரப்பு இருக்கும். தீப்பிடித்தால் அதிலுள்ள நீர் ஆவியாகிக் காகிதங்களைக் காக்கட்டும் என்பதற்காக அடைத்தது அது. கட்டரின் சுடர் ஒருபுறம் ஆவணங்களைக் கருக்க, இந்த ஆவி மறுபுறம் அவற்றை நனைக்கும். பின்னாளில் வந்த சில பெட்டிகளில் கல்நாரும் (ஆஸ்பெஸ்டாஸ்) உண்டு; துளையிட்டால் அந்தத் தூசி உங்கள் நுரையீரலுக்குத்தான் போகும். இவர்கள் பாதிப் பங்கு கேட்பதன் உட்பொருளையும் சொல்லிவிடுகிறேன். பெட்டியில் எதுவும் இல்லை என்பது கடைக்காரருக்கு அநேகமாகத் தெரியும். ‘உள்ளே ஏதோ இருக்கிறது’ என்ற ஆசையை வளர்த்தால்தான் பெட்டியும் விலைபோகும், அறுப்புக் கூலியும் முன்பணமாகக் கைக்கு வரும். பித்தளைத் தகட்டையும் அப்படியே நம்ப வேண்டாம். அதன் ஆணிகளைச் சுற்றிப் புதிய சுரண்டல் தெரிந்தால், அது வேறொரு பெட்டியிலிருந்து வந்த தகடு.

காசு கொடுத்து ரசீதோடு வாங்கிய, தனியாக நிற்கும் பெட்டியைத் திறப்பதில் சட்டச் சிக்கல் இல்லை. ஆனால் பழைய வீட்டை வாங்கிச் சுவரை இடிக்கும்போது, உள்ளே பதித்துப் பூசி மறைத்த பெட்டி கிடைத்தால் கதை வேறு. 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணிலோ மண்ணோடு பிணைந்த எதிலுமோ மறைத்து வைக்கப்பட்ட மதிப்புள்ள பொருள் எதுவும் புதையல்தான். வீடு உங்கள் பெயரில் இருப்பதால் மட்டும் அது உங்களுடையதாகிவிடாது. சுவரும் மண்ணோடு பிணைந்ததே. மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினால் ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும், தவறினால் ஓராண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு. ஒரு டீக்குக்கூடப் போதாத அந்தத் தொகையைத் திருத்த இத்தனை ஆண்டுகளாக யாருக்கும் மனம் வரவில்லை. முறையாக மனுக் கொடுப்பவரைத் தாலுகா அலுவலகத்துக்கும் வருவாய் ஆய்வாளருக்கும் இடையே அலையவிட்டால், மறைப்பவர்கள் பெருகத்தானே செய்வார்கள்? இருந்தாலும் மனுவைக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டைக் கையில் வாங்கிய பிறகே அத்தகைய பெட்டியைத் தொடுங்கள்.

உங்கள் பெட்டி திறந்ததும் மகிழ்ச்சியில் உடனே மூடிப் பார்க்காதீர்கள். கதவு திறந்திருக்கும்போதே கைப்பிடியால் தாழ்களை வெளியே தள்ளி, சாவியைப் பலமுறை பூட்டித் திறந்து பாருங்கள். ஒருமுறைகூடத் தடுமாறவில்லை என்று உறுதியான பிறகே கதவைச் சாத்துங்கள்.