மணி அடித்தால் இணையம் அறுகிறதா? ஃபில்டரைப் பாருங்கள்

வணக்கம். தொலைபேசி மணி அடிக்கும்போதெல்லாம் ஏடிஎஸ்எல் இணைப்பு (தொலைபேசிக் கம்பி வழியே வரும் இணையம்) அறுகிறது, மோடத்தை மாற்றியும் பயனில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து இன்னொரு மோடம் வாங்கிவிடாதீர்கள். மாடியில் இருக்கும் இரண்டாவது தொலைபேசிக்கு ஃபில்டர் (இணைய சமிக்ஞை தொலைபேசிக்குள் போகாமல் தடுக்கும் சிறு வடிகட்டி) போட்டதாக நீங்கள் சொல்லவில்லை. என் சந்தேகம் அதன்மேல்தான்.

ஒரே செம்புக் கம்பியில் குரல் 4 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழேயும், இணையம் ஏறக்குறைய 25 கிலோஹெர்ட்ஸுக்கு மேலேயும் செல்கின்றன. ஃபில்டர் இல்லாத ஒரே ஒரு கருவி இரண்டையும் குழப்பப் போதும். காலர் ஐடி பெட்டி, ஃபேக்ஸ் எதையும் விட்டுவிடாதீர்கள். மோடத்துக்குப் போகும் கம்பியில் மட்டும் ஃபில்டர் கூடாது.

எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, கம்பி வீட்டுக்குள் நுழையும் முதல் பெட்டியில் மோடத்தை நேரடியாகச் செருகுங்கள். பிறகு கைப்பேசியிலிருந்து உங்கள் எண்ணை அழையுங்கள். இணைப்பு நிலைத்து நின்றால், ஒவ்வொரு தொலைபேசியாக ஃபில்டருடன் சேர்த்துக்கொண்டே வாருங்கள். எதைச் செருகியதும் அறுகிறதோ அங்கேதான் கோளாறு. மோடம் மட்டும் செருகியிருக்கும்போதே அறுந்தால், வெளிக்கம்பியின் இணைப்பு ஏதேனும் துருப்பிடித்திருக்கலாம். லைன்மேனை வரவழையுங்கள். உலாவியில் திறக்கும் மோடத்தின் அமைப்புப் பக்கத்தில் எஸ்என்ஆர் மார்ஜின் (இரைச்சலைத் தாங்க சமிக்ஞைக்கு மீதமிருக்கும் இடைவெளி) 6 டெசிபலுக்குக் கீழே இருந்தால் அதையும் அவரிடம் காட்டுங்கள்.